வடகடல் மிதவைக் கணக்குக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி

மண்டபம் வடகடல் கரையில் பாசி வளர்க்கும் அக்காமார்களுக்கும், கல்லூரிக் கணினிக்கூடத்து அண்ணனுக்கும், நேரில் பார்த்திராத சில கணித அறிஞர்களுக்கும் வணக்கம்.

நங்கூரக் கயிறுகளில் கட்டிய மூங்கில் மிதவை எங்கே நிலைகொள்ளும், எந்தக் கயிற்றில் எவ்வளவு இழுவிசை விழும்? இதுதான் என் ஆய்வு. கயிற்றின் நீளத்தையும் விசைகளின் சமநிலையையும் எழுதினால் பல்லுறுப்புக் கோவைச் சமன்பாடுகள் வருகின்றன. நீர்மட்டம் ஏறினாலும் நீரோட்டம் திரும்பினாலும் அவற்றின் வடிவம் மாறாது, எண்கள்தாம் மாறும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தீர்ப்பது வீண் உழைப்பு.

ஹோமோடோபி முறையில், மாறும் எண்களுக்குத் தற்செயலான கலப்பெண்களை (கற்பனைப் பகுதியும் சேர்ந்த எண்களை)க் கொடுத்து எல்லாத் தீர்வுகளையும் ஒரே ஒருமுறை கண்டுவிடுகிறோம். பிறகு அந்த எண்களைச் சிறிது சிறிதாகக் கடலின் உண்மை அளவுகளுக்கு நகர்த்தினால், தீர்வுகளும் தத்தம் பாதையில் கூடவே வரும். மெய்யெண்களின் வழியே மட்டும் நடந்தால், இரண்டு தீர்வுகள் ஒன்றுகூடி மறையும் இடத்தில் பாதை அறுந்துபோகலாம். கலப்பெண்களிலிருந்து புறப்பட்டால் வழியில் அப்படி முட்டிக்கொள்ளும் நிகழ்தகவு பூச்சியம். இந்த அழகுக்காகவே இம்முறையை நேசிக்கிறேன். எல்லாத் தீர்வுகளும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சிலவற்றை மட்டும் கண்டால் உண்மையான நிலை விட்டுப்போகலாம். நீளம் மாற்றக்கூடிய ஆறு கால்களில் நிற்கும் ஸ்டூவர்ட் மேடையை எடுத்துக்கொள்ளுங்கள்: கால்களின் நீளங்களைக் கொடுத்து மேடை எப்படி நிற்கும் என்று கேட்டால் 40 தீர்வுகள் உண்டு, அந்த 40-ம் மெய்யெண்களாகவே அமைய முடியும் என்று டீட்மையர் என்ற ஆய்வாளர் 1998-இல் காட்டினார்.

அக்காமார்களே, கயிறு முதலில் எங்கே தேய்கிறது, வாடைக்காற்றில் மிதவை எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று நீரில் நின்றபடியே பொறுமையாகச் சொன்னீர்கள். கயிறு இழுக்குமே தவிரத் தள்ளாது. ஆகவே தள்ளும் விடைகளைக் கணக்கே கழித்துவிடும். மிஞ்சியவற்றை உங்கள் சொல்லோடு ஒப்பிட்ட பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. இந்த ஆய்வில் உங்கள் பங்கு என்னுடையதற்குக் குறைந்ததல்ல.

பாதைகள் ஒன்றையொன்று சாராதவை என்பதால் பல கணினிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம். அதற்காக விடுமுறையிலும் கூடத்தைத் திறந்துவைத்த அண்ணனுக்கு நன்றி.

இம்முறையில் சமன்பாடுகளைத் தீர்க்கும் பெர்டினி மென்பொருளை ஆக்கிய பேட்ஸ், ஹாவன்ஸ்டைன், சோமீஸ், வாம்ப்லர் ஆகியோருக்கும், அதே வேலையைச் செய்யும் பிஎச்சிபேக் மென்பொருளை வளர்த்துவரும் வெர்ஷெல்டேவுக்கும், ஜூலியா என்ற கணினி நிரல்மொழியில் இதற்கான தொகுப்பை எழுதிய பிரைடிங், டிம்மே இருவருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். இவற்றையெல்லாம் காசு வாங்காமல் கொடுத்திருக்கிறார்கள். இல்லையென்றால் கடற்கரை ஊர் ஆசிரியை ஒருத்தி இந்தக் கணக்கைத் தொட்டிருக்கவே முடியாது.

இழுவிசை அட்டவணையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வாடை தொடங்குமுன் உங்கள் கையில் தருவேன். பிழை தென்பட்டால் தயங்காமல் சொல்லுங்கள், அக்கா.

அன்புடன்,
மண்டபத்துக் கணித ஆசிரியை