ஆற்றங்கரைக்கு ஒரு சங்கு வையுங்கள்

மலையடிவாரத்து ஆற்றோர விடுதிகளுக்கு உரிமம் வழங்கும் உள்ளாட்சி அதிகாரிகளுக்கும், அந்த விடுதிகளை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம். நான் கோலாலம்பூர், செந்தூலில் வசிக்கிறேன். கடந்த பள்ளி விடுமுறையில் என் அம்மா, அக்காள் குடும்பம், பிள்ளைகள் என ஒன்பது பேர் ஒரு வேன் பிடித்து ரவாங், சிரண்டா வழியாக உலு சிலாங்கூர் பக்கம் உள்ள ஓர் ஆற்றோர விடுதிக்குப் போனோம். விடுதியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அந்த ஒரு விடுதியைத் தண்டிக்கச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: ஆற்றில் பொதுமக்களை இறங்கவிடும் ஒவ்வொரு விடுதியின் கரையிலும் ஓர் அபாயச் சங்கும் (சைரன்), அதை ஊத ஓர் ஆளும் இருக்க வேண்டும்.

கெப்பாலா ஆயர் எனும் திடீர் ஆற்றுவெள்ளம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேலே மலையில் மழை கொட்டும். மரமும் மண்ணும் சரிந்து ஓடையை அடைக்கும். தேங்கிய தண்ணீர் அடைப்பை உடைத்துக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கும். கீழே குளிக்கிறவன் தலைக்கு மேலோ நல்ல வெயில் இருக்கும். 2021 ஆகஸ்டில் கெடா, யான் வட்டாரத்தில் குனோங் ஜெராயிலிருந்து இறங்கிய வெள்ளத்தை நாடே பார்த்தது.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. இரண்டு முழங்காலிலும் வலி. பிள்ளைகளோடு ஆற்றில் இறங்கிக் குளிக்க முடியாது என்பதால், கரையை ஒட்டிய ஒரு தட்டைப் பாறையில் உட்காரவைத்தோம். கால் இரண்டையும் தண்ணீரில் விட்டுக்கொண்டு, மடியில் புளிச்சோற்றுப் பாத்திரத்தை வைத்துப் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். மணி இரண்டரை இருக்கும். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

அக்காள் மகன்தான் முதலில் கவனித்தான். "பாட்டி, தண்ணி தேத்தண்ணி மாதிரி ஆயிடுச்சு" என்றான். அதுவரை அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்த தண்ணீர். சருகும் சுள்ளியும் மிதந்து வர ஆரம்பித்தன. பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எங்களில் ஒருவருக்கும் அதன் அர்த்தம் தெரியவில்லை. நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

அக்கரையில் நடந்துபோன ஓர் ஓராங் அஸ்லி (பூர்வகுடி) பெரியவர் அதைப் பார்த்தார். கையிலிருந்த கூடையைப் போட்டுவிட்டு, இரு கையையும் வீசி, "நாய்க்! நாய்க்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஏறு, ஏறு என்கிறார். அந்தக் குரலில் இருந்த பயம்தான் எங்களை அசைத்தது. பிள்ளைகள் ஓடி ஏறிவிட்டார்கள். அம்மாவால் எழ முடியவில்லை. அத்தானும் நானும் ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கினோம். ஆறு படி ஏறியிருப்போம். திரும்பிப் பார்த்தால் அவர் உட்கார்ந்திருந்த பாறையைக் காணோம். செந்தண்ணீர்தான் ஓடுகிறது. புளிச்சோற்றுப் பாத்திரமும் அம்மாவின் செருப்பும் போய்விட்டன.

அந்தப் பெரியவருக்கு விடுதி சம்பளம் தரவில்லை. எங்களைக் காப்பாற்றுவது அவர் வேலையும் இல்லை. அவர் அந்த நேரத்தில் அந்த வழியாக வராமல் இருந்திருந்தால் இந்த மடலை வேறு விதமாக எழுதியிருப்பேன்.

விடுதிப் பொறுப்பாளரிடம் கேட்டேன். "அறிவிப்பு வைத்திருக்கிறோமே" என்றார். போய்ப் பார்த்தேன். சமையற்கட்டுப் பக்கம், எரிவாயு உருளைகளுக்குப் பின்னால் ஒரு பலகை. ஆற்றில் இறங்குவது உங்கள் சொந்தப் பொறுப்பு என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. தண்ணீர் நிறம் மாறினால் ஏறிவிடுங்கள் என்று எந்த மொழியிலும் இல்லை.

அதே விடுதியில் காலையில் பிள்ளைகள் ரப்பர் படகு சவாரி போனார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆளுக்கொரு மிதவை அங்கி, தலைக்கவசம், கால் மணி நேரம் விளக்கம், படகுக்கு ஒரு வழிகாட்டி. இவ்வளவும் தெரிந்தவர்கள்தான் அவர்கள். கட்டணம் கட்டிப் படகில் ஏறுகிறவருக்கு இத்தனை பாதுகாப்பு. அதே ஆற்றில் கால் நனைக்கும் கிழவிக்கு ஒரு குரல்கூடக் கிடையாது. ஆனால் விடுதியின் விளம்பரப் படத்தில் இருப்பது படகு இல்லை, அந்தப் பாறைதான். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நாங்கள் போனோம்.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. வடிகால் நீர்ப்பாசன இலாகா மழையளவையும் ஆற்று மட்டத்தையும் இணையத்தில் எல்லாருக்கும் தெரியும்படி போடுகிறது. கைப்பேசி வைத்திருக்கும் ஒருவர் பார்க்கலாம். மேலே மழை என்றால் சங்கை ஊதலாம். தண்ணீர் கலங்கினால் ஊதலாம். வார இறுதியில் ஓர் ஆளைக் கரையில் நிறுத்த ஒரு விடுதிக்கு எவ்வளவு செலவாகும்? நாங்கள் ஓர் இரவுக்குக் கொடுத்த வாடகையே அதற்குப் போதும்.

இந்த வட்டாரத்துக்குத் தண்ணீரின் கோபம் புதிதும் இல்லை. 1883-இல் குவாலா குபுவில் அணை உடைந்து ஊரையே அடித்துக்கொண்டு போனது. அங்கே அதிகாரியாக இருந்த வெள்ளைக்காரரும் அதில் இறந்தார். பிறகும் வெள்ளம் விடவில்லை என்று ஊரைப் பெயர்த்து வேறிடத்தில் கட்டினார்கள். குவாலா குபு பாரு என்ற இன்றைய ஊர்ப் பெயரில் இருக்கும் 'பாரு' (புதிய) அப்படி வந்ததுதான். 2022 டிசம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் பத்தாங் காலியில் முகாம் போட்டுத் தூங்கியவர்கள் மேல் மலை சரிந்து 31 பேர் மாண்டார்கள். அந்த இடத்தில் முகாம் நடத்த உரிமமே இல்லை என்பது அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. அன்று எத்தனை அறிக்கைகள், எத்தனை வாக்குறுதிகள்! ஒவ்வொரு முறையும் பிணம் விழுந்த பிறகுதானா உரிமத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும்? நாங்கள் விழவில்லை என்பதால் எங்கள் புகார் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. இரண்டு முறை தொலைபேசியில் பேசினேன். "யாருக்காவது காயமா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் பேச்சு முடிந்துவிட்டது.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலைப் பளு எனக்குத் தெரியும். தயவுசெய்து அடுத்த முறை உரிமத்தைப் புதுப்பிக்கும்போது இதை ஒரு நிபந்தனையாகச் சேருங்கள்: கரையில் ஒரு சங்கு, ஊத ஓர் ஆள். அறிவிப்புப் பலகையை ஆற்றுக்கு இறங்கும் படியில் வையுங்கள். தமிழிலும் சீனத்திலும் எழுதுங்கள். விடுதி நடத்துகிறவர்கள் உரிம நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வருகிற சனிக்கிழமையே தொடங்கலாம்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வீட்டுக்கு வரும் வழியில் வேனில் வெகுநேரம் பேசாமலே இருந்தார். ரவாங் தாண்டியதும் சொன்னார்: "விடியுமுன்ன சங்கு ஊதுனா எந்திரிச்ச காலு இது. அங்க ஒரு சங்கு ஊதியிருந்தா, நானே எந்திரிச்சிருப்பேனே."

இத்தனைக்கும் அந்த ஆற்றை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. டிசம்பர் விடுமுறைக்குத் திரும்பப் போகலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். சங்கு வைத்ததும் தெரிவியுங்கள். கூட்டிக்கொண்டு போகிறேன்.

பணிவுடன்,
செந்தூல்வாசி ஒருவர்