புள்ளிக் கோடுகளைக் குறையுங்கள்: பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் இயக்குநர் அவர்களுக்கும், தொடக்க வகுப்புகளுக்கான பாடநூல் குழுவினருக்கும் வணக்கம்.

மழலையர் வகுப்பு முதல் இரண்டாம் வகுப்பு வரையிலான பயிற்சி நூல்களைப் பற்றி எழுதுகிறேன். புள்ளிக் கோட்டின் மேல் எழுதிப் பழகும் பக்கங்களை அவற்றில் குறைத்து, அந்த நேரத்தைப் பிள்ளைகள் பொருள்களைத் தொட்டு, அடுக்கி, கலைத்து, தாமாக எழுதிப் பார்க்கும் வேலைக்கு ஒதுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கு மேல் 6 வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று தேசியக் கல்விக் கொள்கை 2020 கூறுகிறது. அந்த எண்ணைக் கேட்ட பெற்றோர் பலர், "அப்படியானால் இப்போதே எழுத வையுங்கள்" என்று ஆசிரியர்களை நெருக்குகிறார்கள். மூளை அந்த வயதுக்குள் ஏறத்தாழ முழு அளவை எட்டிவிடுவது உண்மைதான்; ஆனால் அளவு நிறைவதும் வளர்ச்சி முடிவதும் ஒன்றல்ல. திட்டமிடுதலுக்கும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதற்கும் தேவையான மூளையின் முன்பகுதியான முன்மடல் இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. இளம் பருவத்தில் நரம்பிணைப்புகள் தேவைக்கு மிகுதியாக உருவாகி, பயன்படுபவை வலுப்பெற, பயன்படாதவை கழிந்துபோகின்றன. ஆகவே எவ்வளவு சீக்கிரம் எழுத வைத்தோம் என்பதைவிட, அந்த வயதில் பிள்ளை எதைச் செய்துகொண்டிருந்தது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இதில் ஓர் ஆய்வு உங்கள் பணியை நேரடியாகத் தொடுகிறது. இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரின் ஜேம்ஸ், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளை எழுத்துகளை மூன்று வழிகளில் பழகச் செய்தார்: பார்த்துத் தாமாக எழுதுதல், புள்ளிக் கோட்டின் மேல் எழுதுதல், விசைப்பலகையில் தட்டுதல். பிறகு எம்.ஆர்.ஐ. கருவியில் அவ்வெழுத்துகளைக் காட்டியபோது, வாசிப்புக்குரிய மூளைப் பகுதிகள் தாமாக எழுதிப் பழகிய எழுத்துகளுக்கே தெளிவாகத் தூண்டப்பட்டன. 2012இல் வெளியான இது சில பிள்ளைகளை மட்டும் கொண்ட சிறு ஆய்வு. அதுவும் ஆங்கில எழுத்துகளைக் கொண்டு செய்யப்பட்டது. இருப்பினும், கோணலும் நெளிசலுமாகப் பிள்ளை தானே போடும் 'அ'வுக்கும், அச்சிட்ட புள்ளிகளின் மேல் பென்சிலை ஓட்டிப் போடும் அழகான 'அ'வுக்கும் உள்ள வேறுபாட்டை அது எண்ணிப்பார்க்க வைக்கிறது. நம் பயிற்சி நூல்களோ அழகான 'அ'வையே கேட்கின்றன.

மணலில் விரலால் எழுதுவது நம் திண்ணைப் பள்ளிகளின் வழக்கம். அத்தகைய எழுத்தைக் கண்டுதான் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் 1790களில் எழும்பூர் அனாதைப் பள்ளியில் மணல் தட்டைக் கொண்டுவந்தார்; பின்னர் அது இங்கிலாந்துக்கும் போனது. விரலால் தடவி உணரும் உப்புத்தாள் எழுத்துகளை உருவாக்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், ஆணையர் எம்.பி. விஜயகுமாரின் முயற்சியால், ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளி முறையைத் தழுவித் தொடங்கிய செயல்வழிக் கற்றல் (பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தத்தம் வேகத்தில் கற்கும் முறை) சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. கற்க வேண்டிய படிகளை வரிசையாகக் காட்டும் கற்றல் ஏணி, அட்டைகள், பிள்ளைகளின் படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல், பிள்ளைகளின் உயரத்துக்கு இறக்கிய கரும்பலகை ஆகியவை இன்றும் பல ஆசிரியர்களின் நினைவில் உள்ளன. அம்முறை தோற்றுவிட்டது என்போர் உண்டு. நான் கற்பித்த காலத்தில் கண்டவரை, அட்டைகள் கிழிந்து மறு அட்டைகள் வராத வகுப்புகளில்தான் அது தளர்ந்தது.

கணக்கில் இதை இன்னும் தெளிவாகக் காணலாம். 23இலிருந்து 7ஐக் கழிக்கும் பிள்ளையிடம் பத்துப் பத்தாகக் கட்டிய இரண்டு ஈர்க்குச்சிக் கட்டுகளும் மூன்று உதிரிக் குச்சிகளும் இருந்தால், ஒரு கட்டை அவிழ்க்காமல் ஏழு குச்சிகளை எடுக்க முடியாது என்பது அதற்குத் தானே புலப்படும். இனமாற்றம் (கடன் வாங்கிக் கழித்தல்) என்பது அந்த அவிழ்ப்புதான். பயிற்சி நூலில் மட்டும் பழகும் பிள்ளை, பக்கத்து இலக்கத்தை அடித்து மேலே ஒன்றைச் சிறிதாக எழுதும் சடங்கைக் கற்கிறது. விடை சரியாக வந்துவிடுவதால் அதற்குப் புரியவில்லை என்பது நமக்கும் தெரியாமல் போகிறது.

அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமாக அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து அணுகியதை நான் வரவேற்கிறேன். ஆனால் செயலியில் மதிப்பீட்டைப் பதிவேற்றும் வேலை ஆசிரியரின் கண்ணைப் பிள்ளையின் கையிலிருந்து கைப்பேசிக்குத் திருப்பிவிடுகிறது. இவ்வகுப்புகளுக்கு ஆசிரியரின் உற்றுநோக்கல் குறிப்பேடே போதும்; பதிவேற்றத்தைப் பருவத்துக்கு ஒருமுறை என்று வரையறுக்கலாம்.

அடுத்த பதிப்பில், தமிழ்ப் பயிற்சி நூலின் புள்ளிக் கோட்டுப் பக்கங்களுக்கு ஈடாக வெற்றிடப் பக்கங்களையும், ஆசிரியர் கையேட்டில் மணல் தட்டு, சிலேட்டு, குச்சிக் கட்டு ஆகியவற்றுக்கான நாள்தோறும் இடையூறில்லாத ஒரு பாடவேளையையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தேய்ந்தும் தொலைந்தும் போகும் பொருள்களை ஆண்டுதோறும் மாற்றித் தருவதற்கான தொகையையும் அப்போதே பரிந்துரையுங்கள். வட்டார வள மையப் பயிற்சிகளில் ஒரு நாளாவது திரைக்காட்சி இல்லாமல், ஆசிரியர்களே தரையில் அமர்ந்து அக்கட்டுகளை அவிழ்த்துக் கணக்குப் போடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர்