செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வருகை தந்துள்ள உறுப்பினர்களே, வணக்கம்.

வடவள்ளிப் பகுதி வீட்டுத் தோட்டங்களுக்கு வரும் பறவைகளையும் அணில்களையும் கவனித்துப் பதிவு செய்யும் நம் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு நான்கு முறை கூடியது. அவற்றில் இரண்டு, போதிய உறுப்பினர் வராமல் கலைந்தன. மழைக்கு முன் மரக்கன்றுகள் வழங்கப்பட்டன. 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு நம்மில் மூன்று வீடுகள் மட்டுமே பட்டியல் அனுப்பின.

என் பொறுப்பில் விடப்பட்ட தண்ணீர்த் தட்டுத் திட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைப் பற்றிப் பேசப்படுவது என் காதுக்கும் வந்தது. வீட்டுக்கொரு மண் தட்டு கொடுத்தபோதே, இரண்டு விரற்கடைக்கு மேல் தண்ணீர் வேண்டாம், சிட்டு நின்று குடிக்க நடுவில் ஒரு கல் வையுங்கள், நாள்தோறும் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள் என்று எழுதியே கொடுத்தேன். கழுவாத தட்டில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் ஒரு வாரம் பத்து நாளில் புதுக் கொசு பறக்கத் தொடங்கிவிடும். ஊருக்குப் போன ஓர் உறுப்பினர் வீட்டுத் தட்டில் புழு நெளிவதைக் கண்ட கொசு ஒழிப்புப் பணியாளர்கள், அந்தத் தெருவில் இருந்த அத்தனை தட்டுகளையும் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். தட்டு யாருடையதோ, ஏச்சு செயலாளருக்கு.

பதிவேட்டைப் பற்றியும் ஒரு சொல். அரை மணி நேரத்தில் ‘அணில் 40’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரே சமயத்தில் சேர்ந்து கண்ணில் படும் அதிகபட்ச எண்ணிக்கையைத்தான் எழுத வேண்டும்; முருங்கைக்கும் மதிலுக்குமாகப் பத்து முறை ஓடிய ஓர் அணில் பத்து அணிலாகிவிடாது. அந்த அணில் வாலை உதறி உதறி விடாமல் கத்தினால் எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பூனையோ வல்லூறோ வந்திருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். தவிட்டுக்குருவிக் கூட்டமும் அந்தக் கூச்சலில் சேர்ந்துகொண்டால் பெரும்பாலும் ஐயமில்லை.

அக்டோபரில் என் வீட்டுக் கொல்லையில் ஆறுமணிக் குருவி ஒன்று இறங்கி, மாமரத்தடிச் சருகை அலகால் புரட்டிப் புரட்டிப் புழு தின்றது. வடக்கே இமயமலை அடிவாரம் வரை கூடு கட்டிவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் பறவை அது. உடனே வாட்ஸப் குழுவில் தெரிவித்தேன். பதினேழு பேர் கைகூப்பினார்கள். நேரில் வந்தவர் ஒருவர். சருகு முழுவதையும் கூட்டிக் கொளுத்தும் வீட்டில் அது இரை தேட முடியாது என்பதை, முற்றத்தைப் பளிச்சென்று வைத்திருக்கும் உறுப்பினர்கள் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். தட்டு, அச்சுக்கூலி, தேநீர் போகச் சிறு தொகை கையிருப்பில் உள்ளது. அதிலும் ஒரு பகுதி எனக்கு வர வேண்டியது. 42 உறுப்பினர்களில் 19 பேரே சந்தா செலுத்தியுள்ளனர். ‘அணில் பார்க்கக் காசா?’ என்று கேட்ட நண்பருக்கு என் பதில்: பார்க்கக் காசு வேண்டாம், கவிழ்த்து உடைத்த தட்டுகளுக்கு மாற்று வாங்க வேண்டும்.

கூட்டத்துக்கு மாடியைத் தந்த தலைவர் குடும்பத்தாருக்கும், பொருளாளருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இப்பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஞாயிறு காலை ஆறரை மணிக்கு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தால் பதிவேட்டை ஒப்படைக்கிறேன். அப்படி ஒருவரும் வராவிட்டால் முன்போலவே நான் எழுதிக்கொண்டிருப்பேன். வருபவர்கள் சந்தா பாக்கியையும் கையோடு கொண்டுவந்தால் எனக்கு 23 வீட்டு நடை மிச்சம்.

இப்படிக்கு,
செயலாளர்