கால் வீக்கமும் கிளினிக் கொப்பியும்

நெடுங்கேணி
சித்திரை 20

அன்பின் தயாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஒன்று தொடங்க நீ இடையில் பாய்ந்து வேறொன்று கதைப்பாய், கடைசியில் சொல்ல வந்தது நின்றுவிடும். மருமகன் கொழும்புக்கு வருகிறான். அதனால்தான் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

பெரும்போகம் பரவாயில்லை. கடைசி மழை கொஞ்சம் கெடுத்தது, யானை கொஞ்சம் கெடுத்தது, மிச்சம் வீட்டுக்கு வந்தது. கோவில் கிணற்றடி மருதமரம் பாறிவிட்டது. அவ்வளவுதான் ஊர்ப் புதினம். இனி என் கால் கதை.

மார்கழி நடுவில் ஒருநாள் வயலால் வந்து செருப்பைக் கழற்றினால், வார் பதிந்த இடம் பள்ளமாகக் கிடக்கிறது. கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அமத்திப் பார்த்தேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. மனுசி பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். பதவியா எங்களுக்கு அயல். 1990களில் அங்காலைப் பக்கம் வயற்காரரிடம் காணத் தொடங்கிய அந்தக் கிட்னி வருத்தம் இங்கேயும் வந்து எத்தனை வீட்டைத் தின்றது! அதற்கு இன்னும் ஒரு காரணத்தை இதுதான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காரணம் தெரியாத வருத்தமென்றால் எல்லா வீக்கமும் அதுதான் என்று மனம் சொல்லும். அடுத்த நாளே கிணற்றுத் தண்ணீரை நிறுத்தி, கானில் வடிகட்டின தண்ணீர் வாங்கத் தொடங்கினோம். அயலில் இரண்டு பேர் துக்கம் விசாரிப்பது போல வந்து போனார்கள்.

வவுனியாவில் இரத்தம் கொடுத்தேன். கிட்னி வேலை செய்வதைக் காட்டும் கிரியேட்டினின் 0.9, சரியான அளவு. சலத்தில் புரதமும் இல்லை. சந்தோசப்பட வேண்டிய ஆள்தானே? வீக்கம் வற்றவில்லையே! ஒரு டிஸ்பென்சரிக்குப் போனேன். “உடம்பில் தண்ணி சேருது ஐயா” என்று சலம் போகப் பண்ணும் ஃபுரோசமைட் குளிசை தந்தார்கள். அது வேலை செய்தது, ஆனால் காலில் அல்ல. இரவில் நாலு தரம் எழும்பி இருட்டுக்குள் வெளியே ஓடினேன். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. மாசிக் கடைசியில் வெட்டு நேரம், வரம்பில் இருந்து எழும்பினேன், உலகம் சுற்றியது, நெல்லுக்குள்ளேயே விழுந்தேன். திரும்ப அங்கேதான் போனேன். தலைச்சுற்றுக்குச் சினாரிசின் தந்தார்கள். ஆக, காலுக்கு வந்தவனுக்குப் பழைய பிரஷர் குளிசையோடு கையில் மூன்று உறை.

பங்குனியில் கிளினிக். விடிய ஐந்து மணிக்கு நம்பர் எடுத்து, பதினொன்றுக்குக் கூப்பிட்டார்கள். புதிதாக வந்த டொக்டர் பிள்ளை, எங்கள் பேத்தி வயது இருக்கும். காலை அமத்திப் பார்த்தார். பிறகு மருந்து எழுதும் என் கிளினிக் கொப்பியைப் பின்பக்கமாகப் புரட்டத் தொடங்கினார். நீ சங்கக்கடையில் இருப்பு இடிக்கும்போது பேரேட்டைப் பின்னுக்குப் புரட்டுவாயே, அச்சொட்டு அதே மாதிரி. ஓரிடத்தில் விரலை வைத்து, “ஐயா, கால் வீங்கத் தொடங்கினது எப்ப?” என்றார். மார்கழி என்றேன். கொப்பியைத் திருப்பிக் காட்டினார். கார்த்திகை 14இல் என் பிரஷர் குளிசை அம்லோடிபின் 5 மில்லிகிராமில் இருந்து 10 ஆகியிருக்கிறது.

இத்தனை மாதமும் அந்தக் கொப்பி என் சேர்ட் பைக்குள்தான் கிடந்தது. முப்பது வருசம் கணக்கு எழுதியவன் நான். எனக்குத் தெரியவில்லை! வெட்கமாகப் போய்விட்டது.

அவர் சொன்ன விளக்கத்தை எங்கள் பாசையில் சொல்கிறேன். அம்லோடிபின் இரத்தத்தைக் கொண்டுபோகும் சின்னக் குழாய்களை விரிக்கிறது, அதனால்தான் பிரஷர் இறங்குகிறது. திருப்பிக் கொண்டுவரும் நாளங்கள் அந்தளவுக்கு விரிவதில்லை. தண்ணீர் விடும் துருசை அகலத் திறந்துவிட்டு வடிகானைப் பழையபடி விட்டால் வயலில் என்ன நடக்கும்? வரம்பால் கசியும். அந்தக் கசிவுதான் கால் வீக்கம். உடம்பில் தண்ணீர் கூடியதால் வந்ததல்ல என்பதால், சலம் போகப் பண்ணும் குளிசைக்கு அது பெரிதாக அசையாது. மருந்தின் அளவு கூடக் கூட வீக்கமும் கூடுமாம். இன்னொன்றும் சொன்னார்: எங்கள் பக்கத்துக் கிட்னி வருத்தம் தொடக்கத்தில் காலை வீங்கப் பண்ணுவதில்லை, சத்தமில்லாமல்தான் வரும், ஆனபடியால் இரத்தம் பார்த்தது நல்ல வேலைதான் என்று.

அம்லோடிபினைப் பழையபடி 5 ஆக்கி, லொசாட்டன் என்ற வேறொரு பிரஷர் குளிசை சேர்த்தார். மற்ற இரண்டையும் நிறுத்தினார். மூன்றாம் கிழமை செருப்பு வார் தழும்பு இல்லை. பிரஷரும் சரி.

இந்த மாதிரி, ஒரு மருந்தின் விளைவைப் புது வருத்தம் என்று எண்ணி இன்னொரு மருந்து கொடுத்து, அதன் விளைவுக்கு மூன்றாவது என்று போவதை ரொச்சன், கேர்விட்ஸ் என்ற இரண்டு டொக்டர்மார் 1990களிலேயே எழுதிவைத்திருக்கிறார்களாம். இதைக் கேட்டதும் பெரியக்காவின் இருமல் ஞாபகம் வந்தது. ஐந்து மாதம் வறட்டு இருமல், இரவில் படுக்க விடாது. சளி பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். அது பிழையில்லை, இருமல் நீண்டால் காசநோய் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் முடிவு வருவதற்குள் வீட்டில் அவவுக்குத் தனி டம்ளர், தனிக் கோப்பை. பேரப்பிள்ளையைக் கிட்ட விடவில்லை. கடைசியில் பார்த்தால் எனலப்ரில் என்ற பிரஷர் குளிசை. அந்த இனக் குளிசை சிலருக்கு இருமலைக் கொண்டுவரும், தொடங்கி மாதங்கள் கழித்தும் வரும். அதை மாற்றிய பிறகு ஒரு மாதத்துக்குள் நின்றது. அந்த டம்ளரை அக்கா இன்னும் மறக்கவில்லை. மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்தால் முதலில் டம்ளரைத்தான் பார்ப்பா.

சரி, இனி உன் விசயம். தைப்பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்தில் எழுத்து நடுங்கியிருந்தது. நடை மெதுவாகிவிட்டது, பார்க்கின்சன் என்ற நடுக்குவாதமாக இருக்கலாம் என்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். அதே கடிதத்தில், இரண்டு வருசமாகத் தலைச்சுற்றுக்கு ஒரு குளிசை விடாமல் போடுகிறேன், நல்ல சுகம் என்றும் எழுதியிருந்தாய். அதன் பெயரைப் போய்ப் பார். எனக்குத் தந்த அதே சினாரிசின் என்று நினைக்கிறேன். வயதானவர்கள் அதை நீண்ட காலம் போட்டால் பார்க்கின்சனைப் போலவே கை நடுங்கும், உடம்பு இறுகும், நடை குறுகும் என்று டொக்டர் பிள்ளை என் உறையை வாங்கும்போதே சொன்னார். தலைச்சுற்றுக்கும் வாந்திக்கும் கொடுக்கும் ஸ்டெமெட்டிலும் அப்படியாம். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட்டும் அப்படியாம், அதனால் வந்த நடுக்கத்தைப் பார்க்கின்சன் என்று எண்ணி அதற்குரிய லெவோடோபா குளிசை தொடங்கிய கதைகளும் உண்டாம். அன்று இரவு உன் கடிதத்தைத் தேடி எடுத்துத் திரும்ப வாசித்தேன்.

நான் டொக்டர் இல்லை. உனக்கு வந்தது உண்மையான பார்க்கின்சனாகவும் இருக்கலாம். குளிசைதான் காரணமென்றாலும், நிறுத்திய பிறகு தெளிய மாதக்கணக்கு ஆகலாம். ஆனால் லெவோடோபா தொடங்கும் முன் ஒருவர் அந்தத் திகதிகளைப் பார்க்கட்டும். நீயாக எதையும் நிறுத்தாதே, உன் குணம் எனக்குத் தெரியும். வாய்க்கால் கரையில் எங்கள் பழைய லொறிக்காரர், குளிசைதான் வருத்தம் தருகிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, பிரஷர் குளிசை முழுவதையும் ஒரே நாளில் விட்டார். இரண்டு மாதத்தில் பாரிசவாதம். இப்போது வலக்கை எழும்பாது.

மகனைக் கூட்டிக்கொண்டு, வீட்டில் உள்ள எல்லா உறைகளையும் ஒரு பையில் போட்டு, பாமசியில் நீயாக வாங்குவது, சித்த மருந்து, மனுசியின் குளிசையில் களவாக எடுப்பது எல்லாவற்றையும் சேர்த்துத்தான், டொக்டரிடம் மேசையில் கொட்டு.

மருமகனிடம் மொட்டைக்கருப்பன் புழுங்கல் அரிசி ஐந்து கிலோ கொடுத்துவிட்டிருக்கிறேன். பையின் அடியில் கணக்கு எழுதும் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கும். முதல் பக்கத்தில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்: இடப்பக்கம் குளிசை தொடங்கிய திகதி, வலப்பக்கம் சுகயீனம் தொடங்கிய திகதி. நடுங்கினாலும் பரவாயில்லை, நீயே எழுது. நிரப்பிப் போட்டு எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் கணக்கன்