23 பிள்ளைகள், 12 பலகைகள்: ஒரு நன்றி மடல்

மன்னார்குடி, நீடாமங்கலம் வட்டாரத்துப் பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அன்று கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

கார்த்திகை முதல் ஞாயிறன்று நாங்கள் நடத்திய சிறுவர் செஸ் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்கள் 74 பேர். வந்தவர்கள் 23 பேர். சனிக்கிழமை மதியம் பிடித்த மழை மறுநாள் காலை வரை விடவில்லை. கார்த்திகையில் டெல்டாவில் மழை பெய்யும் என்பது யாருக்கும் புதிதல்ல. மண்டபம் காலியாக இருந்த தேதி என்று அந்த நாளைப் பிடித்தது நான். அறிவிப்பும் 12 நாளுக்கு முன்னால்தான் கொடுத்தோம். 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆன பிறகு எந்தத் திண்ணையைப் பார்த்தாலும் பிள்ளைகள் பலகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்து, கூட்டம் தானாக வரும் என்று நம்பிவிட்டேன். தவறு என்னுடையது. அது வந்த பிள்ளைகள் தலையில் விழாமல் தாங்கிப் பிடித்தவர்கள் நீங்கள்.

முதலில் போட்டி நடுவரான ஆர்பிட்டர் சாருக்கு. சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்து, "ஒத்தி வெச்சிரலாமா சார்?" என்று கேட்டேன். "விடிகாலை பஸ் ஏறி ஒரு புள்ள வந்து நின்னா என்ன பதில் சொல்லுவீங்க? எட்டுப் பேர் வந்தாக்கூடப் போதும். எல்லாரும் எல்லாரோடயும் ஆடினா ஏழு சுற்று ஆச்சு. நடத்துங்க" என்றார். அவர் சொன்னபடியே திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகளை முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு ஏழரை மணிக்கே மண்டப வாசலில் நின்றார். ஒத்தி வைத்திருந்தால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்கவே முடியாது.

9, 12, 15 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவு அறிவித்திருந்தோம். வந்த எண்ணிக்கைக்கு மூன்றும் தனித்தனியாக நிற்காது. ஆர்பிட்டர் சார் ஒரு தாளை எடுத்துப் பத்தே நிமிஷத்தில் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டார். பெரிய பிள்ளைகள் நாலே பேர். அவர்களுக்கு வெள்ளையில் ஒரு முறை, கறுப்பில் ஒரு முறை என்று ஒவ்வொருவரோடும் இரண்டு ஆட்டம், ஆளுக்கு ஆறு ஆட்டம். சின்னவர்கள் 19 பேரையும் ஒன்றாகச் சேர்த்து ஸ்விஸ் முறையில் (யாரும் வெளியேறாமல், ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளி எடுத்தவர்கள் மோதுவது) ஐந்து சுற்று, பரிசு மட்டும் வயதுப்படி தனித்தனியாக. ஸ்விஸ்ஸில் ஐந்து சுற்று 32 பேர் வரைக்கும் தாங்கும் என்பதால் முதலிடத்துக்குக் குழப்பம் வராது என்றார்.

19 ஒற்றைப்படை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பிள்ளைக்கு எதிராளி இருக்காது, "பை" என்று ஒரு புள்ளி கொடுத்து உட்கார வைக்க வேண்டும். அந்தப் பை பெரும்பாலும் பட்டியலில் கடைசியில் இருக்கும் பிள்ளைக்குத்தான் போகும். எந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு ஆட்டம் ஆடிப் பழக வேண்டுமோ அதே பிள்ளை ஆடாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும். எனக்கு இது எப்போதுமே மனசுக்கு ஒப்பாத விஷயம். அதுவும் மழையில் நனைந்துகொண்டு வந்த பிள்ளையை எப்படி உட்கார வைப்பது?

சும்மா வேடிக்கை பார்க்க வந்திருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஐயாவுக்கு இந்த இடத்தில் என் வணக்கம். "பரிசு வேண்டாம், புள்ளி வேண்டாம், இருபதாவது ஆளா உக்காருங்க ஐயா" என்று கேட்டதும் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அறுபது வருஷமாக ஆடுகிறவர், ஆனால் கடிகாரம் வைத்து ஆடியதே இல்லை. வலது கையால் குதிரையை நகர்த்திவிட்டு இடது கையால் கடிகாரத்தை அமுக்கினார். எதிரே இருந்த ஏழு வயதுப் பெண் கையைத் தூக்கி ஆர்பிட்டரைக் கூப்பிடவில்லை. மெதுவாக, "தாத்தா, நகத்துன கையாலதான் அமுக்கணும்" என்றாள். அவர் தலையாட்டிக்கொண்டு சரிசெய்தார். அதற்குப் பிறகு ஐந்து சுற்றிலும் ஒரு தடவைகூட அவர் கை மாறவில்லை.

கடைசிச் சுற்றில் ஐயாவுக்கு எதிரே வந்தது நாலு ஆட்டமும் தோற்றிருந்த ஒரு பையன். ஐயா விட்டுக்கொடுத்து ஆடுகிறவர் அல்ல. ராணியும் யானையும் கையில் இருக்க, பையனிடம் ராஜா மட்டும்தான். ஐயா ராணியை ஒரு கட்டம் அதிகமாக நெருக்கி வைத்துவிட்டார். பையன் வெகுநேரம் பலகையையே பார்த்தான். ராஜாவுக்குப் போக இடமில்லை, செக்கும் இல்லை. அப்படியானால் ஆட்டம் சமன். "ஸ்டேல்மேட்" என்று சொல்லும்போது அவன் குரல் நடுங்கியது. பை கொடுத்திருந்தால் ஒரு முழுப் புள்ளி கிடைத்திருக்கும். இந்த அரைப் புள்ளியை எடுத்துக்கொண்டு அவன் அப்பாவிடம் ஓடிய ஓட்டத்தை அங்கே இருந்த எல்லோரும் பார்த்தோம்.

சமையல் மாஸ்டர் அண்ணன் ஞாயிறு காலை ஆறரைக்குப் போன் செய்தார். "தம்பி, மழை இப்படிக் கொட்டுது, எத்தனை இலைன்னு இப்பச் சொல்லுங்க, இன்னும் உலையில அரிசி போடல." நூறு இலைக்குச் சொல்லியிருந்தோம், அறுபதாகக் குறைத்தோம். வாங்கிவைத்த காய்க்குக்கூட அவர் தனியாகக் காசு கேட்கவில்லை. மண்டபக்காரர் பாதி வாடகைதான் வாங்கினார். அதைவிடப் பெரிய உதவி, "பெரிய ஹால்ல போட்டா வெறிச்சுனு இருக்கும் தம்பி" என்று சாப்பாட்டு ஹாலைத் திறந்துவிட்டு, தானே மேசைகளை நெருக்கிப் போட்டது. 12 பலகையும் அருகருகே அமைந்ததும் அறை நிறைந்துவிட்டது. குறைவாக வந்திருக்கிறோம் என்ற நினைப்பே பிள்ளைகளுக்கு வரவில்லை.

அரசுப் பள்ளி பி.டி. சார் ஆறு பிள்ளைகளைத் தன் கைக்காசில் ஆட்டோ வைத்து அழைத்து வந்தார். 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்த சமயத்தில் அவர் பள்ளியில் ஆரம்பித்த பழக்கம், ஒலிம்பியாட் முடிந்தும் அவர் விடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரமாவது பலகையை விரித்துவிடுவார். முதல் பரிசு வாங்கிய பெண் அவருடைய மாணவி.

கும்பகோணத்திலிருந்து டிஜிட்டல் கடிகாரங்களைப் புது பேட்டரியோடு கொடுத்தனுப்பிய பயிற்சியாளருக்கும், பெயர் ஒட்டிய கோப்பைகளில் மிஞ்சியதை ஸ்டிக்கர் உரித்துத் திரும்ப எடுத்துக்கொண்ட கடைக்காரருக்கும் நன்றி. பூவனூர் சதுரங்க வல்லபநாதர் கோயில் வாசலில் நோட்டீஸ் ஒட்ட இடம் கொடுத்த குருக்களுக்கும் நன்றி. ராஜகுமாரியோடு சதுரங்கம் ஆடி ஜெயித்துக் கல்யாணம் செய்துகொண்ட சுவாமி குடியிருக்கும் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, பிள்ளைகளுக்கு ஒரு போட்டி நடத்தாமல் இருப்பது சரியில்லை என்று இதை ஆரம்பிக்க என்னைத் தூண்டியவரும் அந்தக் குருக்கள்தான்.

பணம் கட்டிவிட்டு மழையால் வரமுடியாத பெற்றோர்களுக்கு: உங்கள் பணத்தைத் திருப்பி அனுப்பத் தொடங்கிவிட்டோம். "அடுத்த போட்டிக்கு வெச்சுக்குங்க" என்று பதினொரு பேர் சொல்லியிருக்கிறீர்கள். அதைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த போட்டி மாசியில், அறுவடை முடிந்த பிறகு. தேதி ஒரு மாதம் முன்பே உங்கள் கைக்கு வரும். ஐயா இருபதாவது ஆளாக வர இப்போதே சம்மதித்திருக்கிறார்.

சாப்பாட்டு ஹாலில் ஒரு சின்ன மஞ்சள் ரெயின்கோட் கிடக்கிறது. மண்டப வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.