காத்தைக் குறைச்சுட்டு வா

மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆயிற்று. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, இடது மணிக்கட்டுதான் காரணம். கட்டுப் பிரித்து நாலு நாள்தான் ஆகிறது. எப்படி விழுந்தேன் என்று அப்புறம் சொல்கிறேன், அதைச் சொல்லாமல், மேகமலைக்குச் சைக்கிளில் ஏற வேண்டும் என்ற உன் திட்டத்துக்குப் பதில் சொல்ல முடியாது.

முதலில் ஊர் சமாச்சாரம். மழை பரவாயில்லை, கண்மாயில் பாதிக்கு மேல் தண்ணீர் கிடக்கிறது. நாம் பத்தாவது படிக்கும்போது மணிக்கணக்குக்கு வாடகை சைக்கிள் எடுத்துப் போவோமே, அந்தக் கரை முழுக்க இப்போது சீமைக்கருவேலம். கானாடுகாத்தான் பக்கம் இன்னும் ரெண்டு வீட்டைப் பிரித்து விற்றுவிட்டார்கள், தேக்குத் தூணெல்லாம் லாரியில் போனது. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சரி, அதை நேரில் பேசுவோம்.

நீயும் என்னைப் போலக் கிராவல் பைக், அதாவது தாரிலும் கல், மண் பாதையிலும் ஓட்டுகிற அகல டயர் சைக்கிள், வாங்கிவிட்டாய் என்று படித்ததும் சந்தோஷம். ஆனால் இந்தப் பேரை நம்ம ஊரில் சொல்லி நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு ஆச்சியிடம் "கிராவல் ஓட்டப் போறேன்" என்றால், "எத்தனை லோடு தம்பி, நம்ம வாசலுக்கும் ஒரு லோடு அடிக்கச் சொல்லேன்" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். கிராவல் என்றால் இங்கே வீட்டுக்கு அடிக்கிற செம்மண் சரளை. அந்தச் சரளையில்தான் நாம் சைக்கிளே பழகினோம், அப்போது அதற்கு ஒரு பேரும் கிடையாது, முட்டியில் சிராய்ப்பு மட்டும் உண்டு.

இங்கே ஒரு வருஷமாக ஓட்டுகிறேன். காலையில் கோட்டையூர், பள்ளத்தூர் வரை தார் ரோடு, அங்கிருந்து கண்மாய்க்கரை, பொட்டல், செம்புறாங்கல் துருத்திக்கொண்டிருக்கும் வண்டிப்பாதை. மேடு என்று பார்த்தால் ஒன்றும் கிடையாது. நம் பக்கத்தில் கொஞ்சம் பெரிய மலை என்றால் பிரான்மலைதான், அதுவும் நடந்து ஏறுகிற மலை. பாரி ஆண்ட பறம்பு அதுதான் என்பார்கள். அவர் முல்லைக்கொடிக்குத் தேரையே கொடுத்தார், நான் இந்தச் சைக்கிளை எந்தக் கொடிக்கும் தர மாட்டேன், தவணை இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

நம்ம ஊருக்குப் பெரிய எதிரி முள்தான். கருவேல முள் எந்த டயரையும் விடாது. முதல் ரெண்டு மாதம் ட்யூப் போட்டு ஓட்டி வாரத்துக்கு மூன்று பஞ்சர் ஒட்டினேன், பிறகு ட்யூப்லெஸ்ஸுக்கு மாறினேன். உள்ளே ஊற்றும் சீலன்ட் பால் மாதிரி இருக்கும், முள்ளைப் பிடுங்கியதும் ஓட்டையில் ஓடி அடைத்துக்கொள்கிறது. ஆனால் நம்ம வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துபோகும். ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்ற வேண்டும். நீ அனுப்பிய கான்சாஸ் பந்தய வீடியோ பார்த்தேன், எம்போரியாவில் 200 மைல் ஓட்டுகிறார்களே, அதுதான். அங்கே சிக்கிமுக்கிக் கல் டயரின் பக்கவாட்டைக் கத்தி மாதிரி கிழித்துவிடுமாம். முள் ஓட்டையை சீலன்ட் அடைக்கும், கிழிசலை அடைக்காது. அதற்கு நம்ம பழைய சைக்கிள் கடை வைத்தியம்தான், பழைய டயர்த் துண்டு ஒன்றை உள்ளே வைத்து அப்போதைக்கு ஊர் வந்து சேரலாம். நான் எப்போதும் ஒரு துண்டு வைத்திருக்கிறேன்.

இப்போது நான் விழுந்த கதைக்கு, திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலைக்கு வருகிறேன். மதுரையிலிருந்து ஒரு பையன், நமக்குப் பாதி வயது, வாரா வாரம் மலை ஏறுகிறவன், அவனோடு போனேன். குட்டியானையில் ரெண்டு சைக்கிளையும் ஏற்றி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழி. தைப்பூசத்துக்கு நம்ம ஐயா காலத்திலிருந்து பழனிக்கு நடக்கிறார்களே, அந்த நத்தம் வழிதான். அவர்கள் செருப்பில்லாமல் நடந்த தூரத்தை நாம் வண்டியில் போய், அதற்கப்புறம் சைக்கிள் ஓட்டப் போகிறோமே என்று கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவு, நல்ல தார் ரோடு. ஏறிவிட்டேன்! முன் பல்சக்கரம் 40 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 42 பல், அதாவது மிதி ஒரு சுற்று வந்தால் பின் சக்கரம் முழுசாக ஒரு சுற்றுகூடச் சுற்றாது. நடப்பதைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான், ஆனால் மூச்சு முட்டவில்லை. மேலே போய் டீ குடித்து, சிறுமலை வாழைப்பழம் நாலு தின்றேன். வீட்டில் கட்டிக்கொடுத்த மாவுருண்டையும் இருந்தது. பையன் ஏதோ பாக்கெட்டைக் கிழித்துக் கூழ் மாதிரி உறிஞ்சினான், நம்ம உருண்டை ஒன்று கொடுத்த பிறகு அதைத் தொடவில்லை.

தார் முடிந்து தோட்டத்துக்குப் போகும் கல்பாதையில் இறங்கியதும் என் பெருமை போயிற்று. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றுகிறது. எடை முன்னால் போய்விடுகிறதே, பின் டயருக்குப் பிடிமானம் ஏது? உட்கார்ந்தபடியே, மூக்கு ஹேண்டில்பாரைத் தொடுகிற மாதிரி குனிந்து, நிதானமாக மிதிக்க வேண்டும். அதைக்கூடப் பழகிக்கொண்டேன். திரும்பி இறங்கும்போதுதான் மாட்டினேன். உருட்டுக் கல் நிறைந்த வளைவு, சைக்கிள் கல்லுக்குக் கல் பந்து மாதிரி குதிக்கிறது, பயத்தில் முன் பிரேக்கை இறுக்கினேன், முன் சக்கரம் வழுக்கி நான் கையை ஊன்றி விழுந்தேன். பின்னால் எலுமிச்சை மூட்டையோடு ரெண்டு குதிரை வந்துகொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் என்னைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, "குதிரையே இந்த எடத்துல பார்த்துப் பார்த்துத்தான் கால் வைக்கும்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

பையன் வந்து என்னைப் பார்க்காமல் டயரைப் பார்த்தான். கட்டைவிரலால் அமுக்கிவிட்டுச் சிரித்தான். எவ்வளவு அடித்தீர்கள் என்றான். 55 பி.எஸ்.ஐ. என்றேன். நம்ம சைக்கிள் கடை அண்ணன் பழக்கிய பழக்கம் மாப்ளே, டயர் கல்லு மாதிரி இருந்தால்தான் காற்று சரி. அவன் வால்வை அமுக்கி ஸ்ஸ்ஸ் என்று இறக்கிக்கொண்டே இருந்தான், முன்னால் 28, பின்னால் 32 வரை. 42 மில்லிமீட்டர் டயருக்கும் என் 72 கிலோவுக்கும் அது போதுமாம். கல்லை எதிர்த்துக் குதிக்காமல், அமுங்கிக் கல்லைப் பிடித்துக்கொள்ளும். அதற்காக ரொம்பவும் இறக்கினால் ரிம் கல்லில் இடிக்கும். ட்யூப் போட்டவனுக்கு இன்னும் ஆபத்து, ட்யூப் நசுங்கி ரெண்டு ஓட்டை சேர்ந்து விழும்.

அங்கிருந்து தார் வரை ரெண்டு கிலோமீட்டர் வேறு யாருடைய சைக்கிளிலோ வந்த மாதிரி இருந்தது. நாற்பது வருஷமாக நான் தப்பாகக் காற்றடித்திருக்கிறேன் என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தார் வந்த பிறகுதான் கை வீங்க ஆரம்பித்தது. மறுநாள் எக்ஸ்ரேயில் மயிரிழைக் கீறல். வீட்டில் நடந்த அர்ச்சனையை எழுதப் போவதில்லை.

இப்போது உன் மேகமலை. சின்னமனூரிலிருந்து மேலே வரை ரோடு போட்டுவிட்டார்கள், அங்கேயும் 18 வளைவுதான், அது ஏறிவிடலாம். நீ ஆசைப்படுவது அதற்கப்புறம் மகாராஜா மெட்டு வரை போகும் பாதை. கல்லும் பள்ளமுமான பாதை, யானையும் காட்டெருமையும் நடமாடுகிற இடம். 2021 முதல் அது புலிகள் காப்பகம் வேறு. வனத்துறை செக்போஸ்ட்டில் கேட்டுவிட்டு, பகலிலேயே போய்ப் பகலிலேயே இறங்க வேண்டும். சென்னையில் மேம்பாலம் ஏறிப் பழகியவன் நேரே அங்கே போக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதலில் சிறுமலைக் கல்பாதையில் ரெண்டு தடவை ஏறி இறங்கு, நான் விழுந்த இடத்தையும் காட்டுகிறேன். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வராதே, டிஸ்க் சூடேறிவிடும். விட்டு விட்டுப் பிடி, வளைவுக்கு முன்னாலேயே பிடித்து முடி.

பொங்கல் கழித்து வருகிறாய் இல்லையா? பல்லவனில் வந்தால் ராத்திரி ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். சைக்கிளை முன்னாடியே பார்சலில் அனுப்பிவிடு. சீலன்ட் ரெண்டு பாட்டில் வாங்கி வா, போன தடவை ஆன்லைனில் வாங்கியது திறக்கும்போதே தயிராக இருந்தது. காற்றுமானி ஒன்றும் வேண்டும், கட்டைவிரலை இனி நான் நம்புவதாக இல்லை.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்
காரைக்குடி