யோபுவின் நண்பர்கள் பேசத் தொடங்கியபோது

கிறிஸ்துவுக்குள் அன்பான நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் வேலை இல்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன்.

முதலில் இங்குள்ள செய்தி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது யார் உதவியும் இல்லாமல் வேதம் வாசிக்கிறார்கள். மூத்தவளுக்கு மதுரைக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. நம் சபை அசன விருந்து இந்த வருஷமும் மழையில்தான் நடந்தது, ஆனாலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. நிறையப் பேர் உன்னை விசாரித்தார்கள்.

அப்புறம், உன் சின்ன மகன் அந்த வண்டி விபத்தில் போனதைப் பற்றி நீ கேட்டது. "தேவன் அன்பாகவே இருக்கிறார் என்று ஓய்வுநாள் பள்ளியில் இத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரி அந்த ரோட்டில் அந்த அன்பு எங்கே போயிருந்தது?" என்று எழுதியிருக்கிறாய். என்னிடம் இதற்குப் பதில் இல்லை. ஆனால் அடுத்த வரியிலேயே, "இப்படி எழுதியதைக் கர்த்தர் மன்னிக்கட்டும்" என்று சேர்த்திருக்கிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சின்னவனின் அடக்க ஆராதனையில் ஒரு பெரியவர், "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்றார். அப்போது அவனைப் பெற்ற தங்கச்சியின் முகத்தைப் பார்த்தேன். வசனம் சரிதான். ஆனால் அதைச் சொன்னவன் வேதத்தில் வரும் யோபு. பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்தவன் தன் வாயால் சொன்னான். பக்கத்தில் நின்றவர்கள் அவன் சார்பில் சொல்லவில்லை. அதே யோபு மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறான். அந்த அதிகாரத்தை எந்த அடக்க ஆராதனையிலும் நான் கேட்டதில்லை.

அவனுடைய நண்பர்கள் முதலில் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகுதான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். குற்றமில்லாதவன் அழிந்ததுண்டோ என்றான் எலிப்பாஸ். உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள் என்கிறமாதிரிப் பேசினான் பில்தாத். எல்லாம் பக்தியான பேச்சு. கடைசியில் கர்த்தர் எலிப்பாஸிடம் என்ன சொன்னார்? "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமானதைப் பேசவில்லை." கடவுளுக்காக வாதாடியவர்கள்மேல் கடவுளுக்குக் கோபம் வந்தது, கடவுளோடு வாதாடியவனை அவர் "என் தாசன்" என்றார். நண்பா, நீ எதற்காக மன்னிப்புக் கேட்கிறாய்?

விளக்கங்கள் இருக்கின்றன, உனக்கும் தெரியும். மனிதனுக்குச் சுயாதீனம் கொடுக்கப்பட்டது, அவன் அதைத் தவறாகப் பயன்படுத்தினான், தீமை வந்தது என்று பழைய சபைப் பிதாவான அகுஸ்தீன் காலத்திலிருந்து சொல்கிறார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன் விஷயத்தில் அது பொருந்தும். 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக்கு வந்த யாத்திரிகர்களை அலை கொண்டுபோனதே, அதற்கு? நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். பாடுகள் ஆத்துமாவை முதிரச் செய்யும் என்பது இன்னொரு விளக்கம். அப்படி முதிர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நொறுங்கியே போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் கொல்லிமலைக்குப் போயிருந்தோம். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனபோது பிராண்ட் குடும்பத்தைப் பற்றித்தான் பேச்சு. ஜெஸ்ஸி பிராண்டும் எவலினும் அந்த மலையில் மிஷனெரிகளாக இருந்தவர்கள். மகன் பால் 1914-இல் பிறந்தவர். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-இல் அப்பா மலையிலேயே காய்ச்சல் கண்டு இறந்தார். தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. அப்பா உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதங்கள் அதற்குப் பிறகும் கப்பலில் வந்துகொண்டிருந்தன. அந்தப் பையன் அவற்றை எப்படிப் பிரித்து வாசித்திருப்பான் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அந்தப் பால்தான் 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தியவர். நோயால் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சூட்டிலும் காயத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன என்று கண்டுகொண்டார். அதனால் வலியைக் கடவுளின் கொடை என்றே அவரால் சொல்ல முடிந்தது. வலி இல்லாத கைகளை ஒவ்வொரு நாளும் கட்டுப்போட்டவர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அது கைக்குப் பொருந்துகிற பேச்சு. பிள்ளையை இழந்த வலி எந்தக் காயத்திலிருந்து உங்களைக் காப்பாற்றுகிறது?

எங்களோடு வந்த ஒருவர், "அப்பா போனதால்தான் மகன் இவ்வளவு பெரிய டாக்டரானார், பார்த்தீர்களா தேவ திட்டத்தை" என்றார். ஒரு பிள்ளையின் தகப்பனைச் சாகடித்து ஒரு டாக்டரை உண்டாக்குகிற கடவுளை நான் நம்பவில்லை. நடந்துபோனதிலிருந்தும் அவர் நன்மையை எடுக்க வல்லவர், அதை முழு மனதோடு நம்புகிறேன். அவர் எடுத்துப் பயன்படுத்துவது வேறு, அவரே ஏற்பாடு செய்வது வேறு. எவலின் அம்மா கணவரைப் புதைத்த மலைக்கே திரும்பிப் போனார். ஓய்வுக்கு வயதான பிறகும், மிஷன் சம்மதிக்காதபோதும் போனார். 1974-இல், 95 வயதில் இறக்கும்வரை மலை ஜனங்களுக்காகவே வாழ்ந்தார்.

சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடப் பாவிகளோ என்று இயேசு கேட்டு, "அப்படியல்ல" என்றார். ஏன் விழுந்தது என்று அவரும் விளக்கவில்லை. செத்துப்போன லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார். சிலுவையில், "என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கேட்டார். உன் கேள்வியேதான். அவருக்கும் அந்த நேரத்தில் வானத்திலிருந்து பதில் வரவில்லை. தூரத்தில் உட்கார்ந்து நம் பாடுகளைக் கணக்குப் பார்க்கிறவராக மட்டும் கடவுள் இருந்திருந்தால், நானும் எப்போதோ ஆலயத்தை விட்டிருப்பேன். உயிர்த்தெழுந்த பிறகும் ஆணித் தழும்பைத் தோமாவுக்குக் காட்டினாரே, அவரை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. உனக்கு இப்போது அப்படித் தோன்றாவிட்டால், தோன்றுகிறமாதிரிக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

தங்கச்சி ஆலயத்துக்கு வராததைப் பற்றி சபைப் போதகர் ஐயர் கேட்டதாக எழுதியிருந்தாய். அவளாக வருகிறவரை யாரும் வற்புறுத்த விடாதே. யாராவது கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

சின்னவனின் வருஷ நினைவு ஜெபக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறாய். பிரசங்கம் வேண்டாம். எண்பத்தெட்டாம் சங்கீதத்தை மட்டும் வாசிக்கிறேன். மற்ற சங்கீதங்கள்போல அது கடைசியில் துதியாக மாறாது, இருட்டிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். வந்திருக்கிற சொந்தக்காரர்களுக்கு அது கஷ்டமாக இருக்குமா, தங்கச்சி சம்மதிப்பாளா என்று அவளிடம் கேட்டு எனக்கு எழுது. வேண்டாம் என்றால் அவளே ஒரு பகுதியைச் சொல்லட்டும். நான் முந்தின நாள் சாயங்காலமே வந்துவிடுகிறேன்.

உன் அன்பு நண்பன்